மரவள்ளிக்கிழங்கும் இஞ்சித் தேத்தண்ணியும்

உப்புவெளி தாண்டி, தென்னந்தோட்டங்கள் முடிகிற இடத்தில் என் செருப்பின் வார் அறுந்தது. இரண்டையும் கழற்றி வேலிக்கு மேலால் எறிந்துவிட்டு நடந்தேன். காலை வெயில்தான். தார் இன்னும் சுடத் தொடங்கவில்லை.

திருகோணமலையில் நான் வேலை செய்த அச்சகம் அன்று காலை பூட்டப்பட்டது. முதலாளி திறப்பை மடியில் செருகிக்கொண்டு, "அச்சடிக்கக் கடுதாசி வந்தால் சொல்லி அனுப்புறன்," என்றார். எங்கே சொல்லி அனுப்புவது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்வதற்கு எனக்கு ஒரு விலாசம் இருக்கவில்லை. உடுத்த சாரம், ஒரு சேட்டு, இடுப்பில் மடித்துச் செருகிய ஒரு தாள், இவ்வளவும்தான் என்னோடு வந்தன. அந்தத் தாளில் நான் எழுதிய கொலைக்கதையின் கடைசி அத்தியாயம் இருந்தது. கொலை செய்தது யார் என்பது அதில்தான் வருகிறது. அது பத்திரிகையில் வரவில்லை. இனி வரப்போவதும் இல்லை. அதற்காகக் குச்சவெளி றோட்டில் ஒரு சின்னப் பட்டினத்தில் ஒரு பெண் காத்திருந்தார். அவரிடம்தான் போய்க்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வராத காலம். பாணுக்கு வரிசை, அரிசிக்குக் கூப்பன். சாப்பாட்டுக் கடைகளில் கிழமையில் சில நாள் சோறு விற்கக்கூடாது என்று சட்டம். எல்லோரும் மரவள்ளிக்கிழங்கு தின்றார்கள். அச்சடிக்கிற கடுதாசியும் அப்படித்தான் குறைந்து குறைந்து நின்றுபோனது.

நான் அச்சகத்துக்குப் போனது மெசினின் சக்கரம் சுற்றத்தான். அதற்கு முன் துறைமுகத்தில் மூட்டை இறக்கினேன். அதற்கு முன் உப்பளத்தில் உப்பு வாரினேன். அதற்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, அதைப் பாதியில் விட்டேன். சக்கரம் சுற்றிக்கொண்டே ஈய எழுத்துகளில் எது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று பார்த்துப் பழகிவிட்டேன். பிறகு அவற்றை வரிவரியாகக் கோர்க்கத் தொடங்கினேன். முதலாளி கிழமைக்கு ஒரு பத்திரிகை போட்டார். கலியாண அறிவித்தல், மரண அறிவித்தல், படக் கொட்டகை விளம்பரம், ஒரு தொடர்கதை. தொடர்கதை எழுதிக்கொண்டிருந்த வாத்தியாருக்கு வேறு ஊருக்கு மாற்றம் வந்தது. போகும்போது கதையை முடித்துவிட்டுப் போகவும் அவருக்கு நேரம் இல்லை. முதலாளி என்னைப் பார்த்து, "எழுத்துக் கோக்கிறாய்தானே? கதையையும் நீயே கோர்," என்றார்.

நான் தாளில் எழுதவில்லை. பேனை பிடித்தால் என் கை பிந்தும். நேரே எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நின்று, வசனத்தை வாய்க்குள் சொல்லிச் சொல்லி ஈயத்தில் கோர்த்தேன். நீளமான வசனம் என்றால் விரல் நோகும். ஆகவே என் வசனங்கள் கட்டையாக இருந்தன. முதலாளி அதை நல்ல நடை என்றார்.

கொலைக்கதை எப்படி எழுதுவது என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. துறைமுகத்தில் வேலை செய்தபோது அங்கே ஒரு சாப்பாட்டுக் கொட்டில் இருந்தது. அங்கே பழைய துப்பறியும் புத்தகங்கள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. யாரோ பீடி பற்றவைக்கவும் கை துடைக்கவும் கடைசிப் பக்கங்களைக் கிழித்து எடுத்திருந்தார்கள். முன்பக்கத்து அட்டைப் படத்தை ஒருவரும் கிழிக்கமாட்டார்கள் அல்லவா, அதனால் கடைசிப் பக்கங்கள்தான் போயின. நான் படித்த கதைகளில் ஒன்றில்கூடக் கொலைகாரன் பிடிபடவில்லை. யார்மேலும் சந்தேகம் வரும்படி ஒரு கதையை இழுத்துக்கொண்டு போவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதை எப்படி நிற்பாட்டுவது என்று தெரியாது.

பத்திரிகைக் கட்டுகளைப் பஸ்ஸில் கொண்டுபோய்க் கரையோர ஊர்களில் இறக்குவதும் என் வேலை. அந்தச் சின்னப் பட்டினத்தில் சலூனில்தான் கட்டை இறக்குவேன். சலூன், எதிரில் ஒரு பலசரக்குக் கடை, பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை, பஸ் நிற்கிற புளியமரம். அவ்வளவுதான் பட்டினம். மீன்பிடிக்கிறவர்களும் தோட்டக்காரரும் உப்பளத்து ஆட்களும் அங்கேதான் வந்து போவார்கள். உப்பளத்தில் இருந்த காலத்தில் நான் அந்தச் சாப்பாட்டுக் கடையில்தான் தின்றேன். புருசனும் பெண்சாதியுமாக நடத்தினார்கள். அப்போது உட்கார வாங்குப் பலகையில் இடம் கிடைக்காது.

பத்திரிகைக் கட்டோடு முதல்முறை போனபோது வாங்கு வெறுமையாக இருந்தது. புருசன் செத்துப்போயிருந்தார். மத்தியானம் தன் கடையிலேயே மரவள்ளிக்கிழங்கு தின்றுவிட்டு, சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடியவர் எழும்பவில்லை. டொக்டர் நெஞ்சு நின்றது என்றார். மரண விசாரணைக்காரர் வந்தார், கையெழுத்து வைத்தார், போனார். ஆனால் கதிரைக்குக் கீழே இருந்த குவளையில் இஞ்சி மணந்தது என்று ஒருவர் சொன்னார். அடுத்த நாள் ஊரே அந்த மணத்தை மணந்திருந்தது.

இதை எங்கள் நாட்டில் ஒருவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மரவள்ளிக்கிழங்கு தின்றுவிட்டு இஞ்சி பட்டால் நஞ்சு. குழந்தைக்கும் தெரியும். கிழங்கு அவிக்கிற நாளில் எந்த வீட்டுக் குசினியிலும் இஞ்சியை வெளியே எடுக்கமாட்டார்கள். எனக்கும் அது தெரியும், நானும் நம்பினேன். ஆகவே ஊர் ஒரு பக்கம் கிழங்கையும் மறுபக்கம் குவளையையும் வைத்து, நடுவில் அந்தப் பெண்ணை வைத்தது.

நான் வாங்கில் இருந்து கிழங்கு கேட்டேன். அவர் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் தின்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பயமில்லையோ தம்பி?"

"பசிக்குது அக்கா."

அவர் சிரிக்கவில்லை. "நீதானாமே பேப்பரில கொலைக்கதை எழுதுறது? சலூன்காரர் சொன்னவர்."

"ஓம்."

"என்ர கதையைப் போடு."

நான் வாயில் வைத்த கிழங்கோடு அவரைப் பார்த்தேன்.

"ஊர்ப் பேரை மாத்து. ஆள் பேரை மாத்து. அவர் செத்த விதத்தை மாத்தாத. கிழங்கு, இஞ்சி, கதிரை, எல்லாம் இருக்கட்டும்."

"ஏன் அக்கா?"

"விசாரணைக்காரர் விட்டுப்போட்டார், சனம் விடேல்ல. இஞ்ச சாப்பிட ஒருத்தரும் வருகினமில்லை. இப்பிடிப் போனா இந்த மழைக்கு முதல் கடையைப் பூட்டோணும். பூட்டினா நான் போறதுக்கு இடமில்லை." அவர் ஈரக்கையைச் சேலையில் துடைத்தார். "சனம் என்ர வாயை நம்பாது. பேப்பரை நம்பும்."

"அப்ப நீங்கள் செய்யேல்லை எண்டு எழுதுறன்."

"முதலே அப்பிடி எழுதினா ஆர் நம்புறது? நான் காசு தந்து எழுதினது எண்டுவினம். முதல் நான்தான் செய்தனான் எண்டு எல்லாரும் நினைக்க விடு. நல்லா நினைக்கட்டும். கடைசியில வேற ஆளைக் காட்டு. அப்ப நினைச்சவைக்கு வெக்கமாயிருக்கும். வெக்கத்தில சாப்பிட வருவினம்."

அது சரியான யோசனையாகத்தான் எனக்குப் பட்டது. கதை எழுதுகிறவன் நான், ஆனால் இப்படி ஒரு முடிச்சு எனக்குத் தோன்றியிராது.

"உண்மையில ஆர் குடுத்தது அக்கா?"

"ஒருத்தரும் குடுக்கேல்ல. இஞ்சியே வீட்டில இருக்கேல்ல. நெஞ்சுதான் நிண்டது. ஆனா ஒருத்தரும் செய்யாத கொலையை எழுத ஏலுமோ?"

"ஏலாது அக்கா. ஆராவது செய்திருக்கோணும்."

"அப்ப ஊரில இல்லாத ஆளாப் பார்த்துப் போடு. இன்னொரு வீட்டில நெருப்பு வைக்காத."

இல்லாத ஆளை யோசித்தபடியே பஸ்ஸில் திரும்பினேன். கடைசியில் ஒரு மருந்து வியாபாரியைப் பிடித்தேன். சைக்கிளில் சூரணப் பெட்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகத் திரிகிறவன். அவனுக்கு வீடு இல்லை, சாதிசனம் இல்லை. கதையில் வருகிற கடைக்காரர் அவனுடைய பழைய களவு ஒன்றைக் கண்டவர். அவர் தினமும் மத்தியானம் கிழங்கு தின்பவர் என்று அவனுக்குத் தெரியும். வாயுவுக்கு என்று சொல்லி இஞ்சிப் பொடி கலந்த சூரணத்தை வெந்நீரில் கரைத்துக் கொடுக்கிறான். குவளையை வைத்துவிட்டுச் சைக்கிளை மிதிக்கிறான். இரண்டாம் அத்தியாயத்தில் சைக்கிள் மணிச் சத்தம் ஒன்றை மட்டும் வைத்தேன். அதை ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லோரும் பெண்சாதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவளைக் கிணற்றடியில் நிற்கவைத்தேன். குவளையைக் கழுவவைத்தேன். யாரோ கூப்பிட்டபோது திடுக்கிட வைத்தேன். ஒவ்வொரு கிழமையும் அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் கொலைகாரியானாள்.

பத்திரிகை அவ்வளவு விற்றது அதற்கு முன் இல்லை. அந்தப் பட்டினத்தில் சலூன்காரர் கதிரையில் ஆளை இருத்தி, சவரக்கத்தியை ஒரு கையிலும் பத்திரிகையை மறுகையிலும் வைத்துச் சத்தமாக வாசிப்பார். முகம் பாதி வழித்தவர்கள் எழும்பாமல் இருந்து கேட்பார்கள். முதலாளி, "முடிக்காத. இன்னும் கொஞ்சம் இழு," என்றார். நான் இழுத்தேன். அக்காவிடம் சொன்னேன்.

"இழு," என்றார். "ஆனா அறுந்திடாமப் பார்."

அப்போது அவர் கடையில் சாப்பிட வந்தவர்கள் ஊர் தெரியாத பஸ் பயணிகள் மட்டும்தான். பிறகு அவர்களும் குறைந்தார்கள். பஸ்ஸிலும் பத்திரிகை போனது.

நிலாவெளிக்கு இந்தப் பக்கம் ஒரு உப்பு லொறி நிறுத்தி என்னை ஏற்றியது. வெறும் லொறி, உப்பு ஏற்றப் போகிறது. சாரதி என் காலைப் பார்த்தார், செருப்பு எங்கே என்று கேட்கவில்லை. எங்கே வேலை என்று கேட்டார். அச்சகம் என்றேன்.

"அந்தப் பேப்பரோ? கிழங்குக் கதை போடுறது?"

"ஓம்."

"இந்தக் கிழமை வரேல்லையே."

"இனி வராது. கடுதாசி இல்லை."

அவர் ஸ்டியரிங்கில் ஒரு தட்டுத் தட்டினார். "நாசமாப் போக. சரி, ஆர் மனுசனை முடிச்சது? அச்சகத்தில நிண்டனீர், தெரியாமல் இருக்காது."

"மருந்துக்காரன்."

"எந்த மருந்துக்காரன்?"

"சைக்கிளில வாறவன். இரண்டாவது கிழமை மணிச் சத்தம் கேட்டது."

இறக்கக்கண்டிப் பாலத்தில் லொறி குலுங்கியது. பிறகு, "விசர்க் கதை," என்றார். "பெண்சாதிதான். எழுதினவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்."

எழுதினது நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. உப்பளத்து வாசலில் இறங்கி மிச்சத்தை நடந்தேன்.

கடைசி அத்தியாயத்தைக் கோர்த்து முடித்த அன்றுதான் கடுதாசி இல்லை என்று தெரிந்தது. ஈயத்தில் இருந்ததை நான் சும்மா கலைக்கவில்லை. மை உருட்டி, சீனி சுற்றுகிற மண்ணிறத் தாள் ஒன்றை மேலே வைத்து, தூரிகையால் தட்டி ஒரு படி எடுத்தேன். பிழை பார்க்க அப்படித்தான் எடுப்போம். எழுத்தெல்லாம் தெளிவாக விழுந்தது. அதைத்தான் இடுப்பில் செருகியிருந்தேன்.

சலூனில் நல்ல கூட்டம். பத்திரிகை வராத கிழமை என்பதால் வெறும் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். சலூன்காரர் என்னைக் கண்டு, "எங்க கட்டு?" என்றார். நான் தாளை விரித்துக் கொடுத்தேன். "கடைசி அத்தியாயம். இதுதான் முடிவு."

அவர் வாசித்தார். நல்லாகவே வாசித்தார். மருந்துக்காரன் பிடிபடுகிற இடத்தில் குரலை இறக்கினார். பெண்சாதி குற்றமில்லாதவள் என்று துப்பறிகிறவர் சொல்கிற இடத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"இது என்ன, ஒரு பக்கந்தானே அடிச்சுக் கிடக்கு?"

"படி எடுத்தது அண்ணை. பேப்பர் நிண்டுபோச்சு."

"பேப்பர் எண்டா ரெண்டு பக்கமும் இருக்கும். இந்தப் பக்கம் கதை, அந்தப் பக்கம் மரண அறிவித்தல். இது சீனிச் சரை."

"எழுத்தைப் பாருங்கோ, அதே எழுத்து."

சவரத்துக்கு இருந்த ஒருவர் கதிரையிலிருந்து திரும்பாமலே கண்ணாடிக்குள் என்னைப் பார்த்துச் சொன்னார். "அக்கா கிழங்கு போட்டுத் தந்தவவாம், தம்பி சரையில விடுதலை எழுதிக்கொண்டு வந்தவராம்." எல்லோரும் சிரித்தார்கள். "இவ்வளவு நாளும் பேப்பரில கொலைகாரி. இப்ப சரையில பத்தினி."

சலூன்காரர் தாளை மடித்து என்னிடமே தந்தார். கோபமாகத் தரவில்லை. "பேப்பரில வரட்டும், வாசிக்கிறன்," என்றார்.

அந்தத் தாளை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்து பக்கத்துக் கடையைப் பார்த்தேன். அக்கா குசினி வாசலில் நின்றார். இடையில் ஒரு பலகைச் சுவர்தான். எல்லாம் கேட்டிருக்கும்.

அந்த நேரத்தில் நான் பெரிதாக ஏதும் முடிவெடுத்தேன் என்று சொல்லமாட்டேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கால் எரிந்தது. எனக்குத் துக்கமோ ஆத்திரமோ வரவில்லை. றோட்டைக் கடந்து எதிர்ப்பக்கத்துப் பலசரக்குக் கடைக்குப் போய், "நானா, ஒரு துண்டு இஞ்சி தாங்கோ," என்றேன்.

கடைக்காரர் கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் மனிதர், எல்லோருக்கும் நானா, நல்லவர். "என்னத்துக்கு மகன்?"

"கிழங்கு தின்னப்போறன். பிறகு இஞ்சித் தேத்தண்ணி குடிக்கப்போறன்."

அவர் தராசை விட்டுக் கையை எடுத்தார். "சாகப்போறதுக்கு என்ட இஞ்சியா கேக்கிறாய்? பொலிஸ் வந்து என்னட்டத்தானே கேக்கும்."

"காசு தாறன்."

"காசு வேணாம். வித்தா நான் உள்ளுக்கு. நான் அங்கால திரும்பி நிக்கிறன். நீ எடுத்தா அது களவு. களவுக்கு நான் பொறுப்பில்ல." அவர் உண்மையாகவே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் ஒரு துண்டை எடுத்தேன். "பெரிய துண்டு எடுக்காத," என்றார் திரும்பாமல்.

நான் வாங்கில் இருந்தபோது சலூனில் இருந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்திருந்தார்கள். பாதிச் சவரத்தோடு கண்ணாடியில் பேசியவரும் வந்தார், ஒரு கன்னத்தில் சவர்க்கார நுரையோடு.

அக்கா இஞ்சியைக் கண்டார்.

"அது இந்தக் கடைக்குள்ள வரக்கூடாது."

"கிழங்கு தாங்கோ அக்கா."

"உனக்கும் விசரோ? நீ விழுந்தா என்னைத் தூக்கில போடுவினம். அவர் போனதுக்குத் தப்பின கழுத்து இது."

"விழமாட்டன்."

"எப்பிடித் தெரியும்?"

"தெரியாது."

பொய் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அவர் என்னைப் பார்த்தார். வாசலில் நின்ற சனத்தைப் பார்த்தார். தன் வெறும் வாங்குகளைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு பீங்கானில் கிழங்கும் கட்டைச் சம்பலும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஒரு குவளையில் வெறும் தேத்தண்ணி ஊற்றி அதையும் வைத்தார். "இஞ்சியை நீயே போடு. என்ர கை படாது," என்றார்.

நான் தின்றேன். பசிக்கு நல்லாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்டேன், போட்டார். பிறகு இஞ்சியை வாங்கில் வைத்து ஒரு போத்தலின் அடியால் நசுக்கி, தேத்தண்ணிக்குள் போட்டுக் கலக்கிக் குடித்தேன். தொண்டை எரிந்தது. குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, புருசன் செத்த அதே சாய்மனைக் கதிரையில் போய்ச் சாய்ந்தேன். வேறு கதிரை அங்கே இல்லை.

சனம் வேலைக்குப் போகவில்லை. வலை பின்னவேண்டியவர்கள் வாசலில் குந்தினார்கள்.

"கண் மங்குதோ?" என்றார் நுரைக் கன்னக்காரர்.

"இல்லை."

"நாக்கைக் காட்டும் பாப்பம்." காட்டினேன். "நீலம் வருது."

"அது மை," என்றார் சலூன்காரர். "அச்சகத்துக்காரனுக்கு எப்பவும் நாக்கில மை."

"சவப்பெட்டிக்கு அளவு எடுக்கவோ?"

"இவனுக்குப் பெட்டி ஆர் வாங்குறது? சீனிச் சரையில சுத்துவம்."

நானும் சிரித்தேன். சிரிக்கும்போது வயிறு இழுத்தது. இதுதான் தொடக்கம் என்று நினைத்தேன். பிறகு அது விட்டுப்போனது. அக்கா அடுப்பைப் பார்த்து இருந்தார், ஒருதரமும் திரும்பவில்லை. ஆனால் அடுப்பில் நெருப்பு அணைந்து நெடுநேரமாகியிருந்தது. அவர் ஊதவும் இல்லை. அந்த முதுகைப் பார்த்தபோதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கு மெல்ல விளங்கியது. என் உயிர் என்னுடையதாகவே தோன்றவில்லை. அது அவருடைய கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

பின்னேர பஸ் வந்தது. இறங்கியவர்களுக்கும் சொன்னார்கள். அவர்களும் நின்று பார்த்தார்கள். பஸ் போனது. புளியமரத்து நிழல் றோட்டின் மறுகரைக்கு நீண்டது. நானா கடையிலிருந்து எட்டிப்பார்த்து, "மகன், உயிரோட இருக்கியா?" என்று சத்தம் போட்டார். "ஓம் நானா," என்றேன். "அல்லாஹ் காப்பாத்தினான். அந்த இஞ்சிக்குக் காசு கொண்டா!"

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எழும்பி முற்றத்தில் நடந்து காட்டினேன். ஊர் முழுக்க, நாடு முழுக்க நம்பியதைப் பொய்யாக்கிக்கொண்டு ஒருவன் அந்த முற்றத்தில் நடந்தான். அதை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கும்தான். நான் இவ்வளவு நாளும் கோர்த்த கதை அதோடு ஒன்றுமில்லாமல் போய்விட்டது. கிழங்கும் இஞ்சியும் ஆளைக் கொல்லாவிட்டால், மருந்துக்காரனும் கொலைகாரன் இல்லை. சைக்கிள் மணி சும்மா அடித்த மணி. கதையில் கொலையே இல்லை.

அக்கா குற்றமில்லாதவர் என்று சலூன்காரர் சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் சொல்லவில்லை. நுரைக் கன்னக்காரர்தான் சொன்னார். நுரை காய்ந்து வெள்ளைப் பொருக்காக இருந்தது.

"அப்ப இஞ்சி இல்லை."

"இல்லை," என்றேன்.

"அப்ப அவள் வேற என்னவோ குடுத்திருக்கிறாள்."

யாரும் சிரிக்கவில்லை. சிலர் தலையாட்டினார்கள். அது அவர்களுக்கு நியாயமாகப் பட்டது. நான் எழுதியிருந்தாலும் அடுத்த அத்தியாயம் அப்படித்தான் தொடங்கியிருக்கும். ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். நுரைக் கன்னக்காரர் மறு கன்னத்தை வழிக்கச் சலூனுக்குப் போனார்.

அக்கா வந்து கவிழ்த்த குவளையை எடுத்துக் கழுவினார். கழுவி முடிந்தபிறகும் கழுவினார்.

"கேட்டனீங்களோ அக்கா?"

"கேட்டனான்."

நான் இடுப்பிலிருந்து சரைத் தாளை எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கி, வாசிக்காமல், அடுப்பில் வைத்து ஊதினார். நெருப்பு பிடித்தது. அதன்மேல் தண்ணீர் வைத்தார்.

"கதையால ஏலாது," என்றார். "எழுதிச் சரிவராது, குடிச்சுக் காட்டியும் சரிவராது. ஒருநாள் காட்டினா அடுத்த நாளுக்கு வேற சொல்லுவினம்." விறகை உள்ளே தள்ளினார். "உனக்குப் போக இடம் இருக்கோ?"

"இல்லை."

"வாங்கில படு. விடிய எழும்பு. வேலை இருக்கு."

வேலை என்னவென்று நான் கேட்கவில்லை. வேலை கிடைக்கும்போது கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

விடியற்காலை அவர் என்னை எழுப்பினார். முகம் கழுவச் சொன்னார். தலை இழுக்கச் சொன்னார், தன் சீப்பைத் தந்தார். பிறகு றோட்டுக்குப் பக்கத்து வாங்கில் என்னை இருத்தி, பானையை அப்படியே கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, எல்லோரும் காணும்படி அதிலிருந்து கிழங்கை எடுத்துப் பீங்கானில் போட்டார்.

"இதுதான் வேலை," என்றார். "ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு பானைக்கும் முதல் பீங்கான் உனக்கு. றோட்டைப் பாத்துச் சாப்பிடு. கெதியாச் சாப்பிடாத. விழுங்குறது தெரியோணும்."

"சம்பளம்?"

"சாப்பாடுதான் வேலை, சாப்பாடுதான் சம்பளம். பேந்து தண்ணி அள்ளு, பீங்கான் கழுவு."

முதல் பஸ் வந்து புளியமரத்தடியில் நின்றது. கொண்டக்டர் இறங்கி, சலூன் இன்னும் திறக்கவில்லை என்று கண்டு, எங்கள் பக்கம் வந்தார். அவரும் பத்திரிகை வாசித்தவர்தான், எனக்குத் தெரியும். கட்டு ஏற்றும்போது ஒவ்வொரு கிழமையும் கதையைக் கேட்பார். வாசலில் நின்று என்னைப் பார்த்தார். நான் கிழங்கைப் பிட்டு, சம்பலில் தொட்டு, வாயில் வைத்து, மென்று, விழுங்கினேன். அவர் என் தொண்டையைப் பார்த்தார். நான் இன்னொரு துண்டு எடுத்தேன். அக்கா அகப்பையோடு அசையாமல் நின்றார். பஸ்ஸின் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. பீங்கான் முடிகிறவரை கொண்டக்டர் நின்றார்.

"எனக்கும் ஒண்டு," என்றார். "அதே பானையில இருந்து."

அக்கா பானையை அவர் பக்கம் சரித்துக் காட்டினார். நான் எழும்பிக் கை கழுவி, அவருக்கு ஒரு குவளை தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன்.